பூநாரை என்று நான் சொன்ன பறவை

பிள்ளைகளே, தப்பு என்னுடையதுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் ஆரம்பித்தால், கழுவேலி ஏரிக்குப் போகிற வழியில் நாங்கள் பட்ட பாடெல்லாம் என் மச்சானால் வந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். பாதி அவனால்தான் வந்தது. ஆனால் ஆரம்பித்து வைத்தவன் நான்.

நாங்கள் புதுச்சேரியில், சாரத்தில் குடியிருக்கிறோம். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். என் மகள் ஏழாவது படிக்கிறாள். பறவை என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறாள். பார்த்த பறவையை அதில் வரைவாள், பெயர் எழுதுவாள், எங்கே பார்த்தாள் என்றும் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளுக்கொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏதாவது ஏரிக்குக் கிளம்பிவிடுவோம். மார்கழியில் அப்படித்தான் ஊசுட்டேரிக்குப் போனோம்.

ஏரிக்கரையில் நின்று பார்த்தபோது, தூரத்துத் தண்ணீரில் உயரமாக, வெள்ளையாக, வாலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரோஸ் நிறம் தடவின மாதிரி பத்துப் பன்னிரண்டு பறவைகள் நின்றன.

"அப்பா, அது இன்னா பறவை?" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. கரையில் எங்களைப்போல இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். ரோஸ் நிறத்தில் ஒரு பறவை உண்டு, அதற்குப் பூநாரை என்று பெயர் என்று ஏதோ ஒரு காலண்டரில் பார்த்த ஞாபகம் இருந்தது.

"பூநாரைம்மா" என்றேன்.

"நிச்சயமாவா?"

"அப்பா சொல்றேன்ல?"

அந்த ஒரு பேச்சுக்காக நான் பின்னால் மிதித்த மிதி கொஞ்சநஞ்சமில்லை.

அவள் பொறுமையாக உட்கார்ந்து வரைந்தாள். நீளமான மஞ்சள் மூக்கோடு. கீழே பூநாரை என்று பெரிய எழுத்தில் எழுதினாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரிடம் காட்டியிருக்கிறாள். டீச்சர் நல்லவர்தான்; வகுப்புக்கே உபயோகப்படட்டும் என்று நோட்டைத் தூக்கிக் காட்டிப் பேசியிருக்கிறார். இது பூநாரை இல்லை, மஞ்சள் மூக்கு நாரை. பூநாரைக்கு மூக்கு நடுவில் ஒடித்துவிட்டது போலக் கீழே வளைந்திருக்கும் என்று விளக்கியிருக்கிறார். "எங்கப்பா சொன்னாரு டீச்சர்" என்று இவள் எழுந்து சொன்னாளாம். வகுப்பே சிரித்ததாம். அந்த வாரம் முழுக்க இவளைப் பூநாரை என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்; என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரை அழித்துவிட்டுச் சரியான பெயரை எழுதினாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. இன்றைக்கு மழை வராது என்று நான் சொன்னால், வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருவாள். கணக்கில் இந்த விடை சரி என்றால், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் நோட்டைத் தூக்கிக்கொண்டு போவாள். காலையில் அவள் சைக்கிளுக்கு நான்தான் காற்று அடிப்பேன். அடித்து முடித்து, "போதும், கிளம்பு" என்பேன். குனிந்து, முன் டயரை ஒரு தடவை, பின் டயரை ஒரு தடவை கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். தினமும். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, காத்து அடிக்கிறதுல கூடவா அப்பா மேல நம்பிக்கை இல்ல?"

"சும்மா பாத்துக்கறேன்ப்பா" என்றாள், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதைதான் என்னை அறுத்தது.

நிஜப் பூநாரையை அவள் கண்ணுக்கு நேரே காட்டினால் ஒழிய இது தீராது என்று முடிவு செய்தேன். மாசி பிறந்த சமயம் என் மச்சான் போன் செய்தான். என் மனைவிக்குத் தம்பி. கனகசெட்டிக்குளத்தில் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன்.

"மாமா, கழுவேலில பூநாரை நிக்குது மாமா. செக்கச்செவேல்னு. கல்யாணத்துக்குப் போய்ட்டு வரப்போ நானே பாத்தேன். எடத்தை அப்படியே குறிச்சு வச்சிருக்கேன். கண்ணைக் கட்டி உட்டாக்கூட கூட்டிம்போவேன்."

ஞாயிற்றுக்கிழமை போவது என்று ஆனது. பஸ்ஸில் போகலாம் என்றேன். மகள் ஒப்பவில்லை.

"பஸ்ல போனா ஜன்னல்ல பாத்துட்டு நீ எதையாவது சொல்லிடுவ. சைக்கிள்லயே போவோம். எறங்கி நின்னு பாக்கணும்."

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவ்ளோ தூரம் மிதிச்சுட்டுப் போய் கொக்கைப் பாக்கணுமா? அதுவும் என் தம்பிய நம்பி? அவன் பக்கத்துத் தெரு ரேஷன் கடைக்கே ஊரைச் சுத்திப் போறவன்."

"கொக்கு இல்லம்மா, பூநாரை" என்றாள் மகள்.

"அதை உங்கப்பன் சொன்னாரா, வேற யாராவது சொன்னாங்களா?"

இதுதான் அப்போது என் வீட்டில் எனக்கு இருந்த மதிப்பு.

விடிகிறபோதே கிளம்பினோம். பிள்ளைகளே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுவது பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரோட்டில் சைக்கிள் என்ற ஒரு வண்டி இருக்கிறது என்பதே மற்ற வண்டிக்காரர்களுக்குத் தெரியாது. லாரி உரசிக்கொண்டு போகும். போன பிறகு ஹாரன் அடிக்கும். ஓரமாகப் போகலாம் என்றால் ஓரத்தில் மணல், இளநீர் மட்டை, உடைந்த கண்ணாடி. கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்தது, காலாப்பட்டில் மறுபடி புதுச்சேரி வந்தது. எந்த அரசாங்கமும் சைக்கிளுக்கு ஒரு முழம் இடம் விட்டிருக்கவில்லை. போதாக்குறைக்கு வாடைக் காற்று நேர் எதிரே. நான் முன்னால் போய்க் காற்றைத் தடுக்கிறேன், நீ என் பின்னாலேயே வா என்று மகளிடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் அவள் என் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். என் செயின் இரண்டு தடவை கழன்றது. இரண்டு தடவையும் அவள்தான் மாட்டினாள்.

கனகசெட்டிக்குளத்து முனையில் தயாராக நிற்கிறேன் என்று சொன்ன மச்சான் அங்கே இல்லை. போன் எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து, மீன் விற்கிறவர்கள் வைத்திருப்பார்களே, பின்னால் பெரிய பெட்டி கட்டின கனமான சைக்கிள், அதில் ஆடி அசைந்து வந்தான்.

"இன்னா மாமா, சீக்கிரமே வந்துட்டீங்க?"

"ஏழரைக்குன்னு சொன்னது யாரு?"

"ஏழரைக்குக் கெளம்புவேன்னு சொன்னேன். டீ சாப்டாச்சா? வா மருமவளே, டீ சாப்புடலாம்."

டீக்கடையில் அவனுக்குத் தெரியாத ஆளே இல்லை. ஒவ்வொருவரிடமும், "மாமா பாண்டிலேர்ந்து மிதிச்சுட்டு வந்திருக்காரு, பறவை பாக்க" என்று அறிமுகம் செய்தான். ஒவ்வொருவரும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பஸ் ஓடலியா?" என்றார்கள்.

காற்று எதிரே அடித்துக் கால் விட்டுப்போகிறது என்று சொன்னேன். "நல்லதுதான் மாமா. இப்போ எதுக்க இருந்தா, திரும்பறப்போ பின்னாடி நின்னு தள்ளும்ல?" என்றான். கடலுக்குப் போகிறவன், காற்றைப் பற்றி அவனுக்குத் தெரியாததா என்று நம்பினேன்.

மரக்காணத்துக்கு முன்னாலேயே மேற்கே திரும்பி ஒரு மண் பாதையில் இறங்கினோம். வேலிகாத்தான் முள் இரண்டு பக்கமும். சைக்கிள் டயருக்கும் அந்த முள்ளுக்கும் பழைய பகை ஏதோ இருக்கிறது. அதனால் இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம். முள் முடிந்ததும் திடீரென்று வெட்டவெளி. ஒரு பக்கம் உப்பளப் பாத்திகள். இன்னொரு பக்கம் வெடித்துக் காய்ந்த தரை, அதற்கு அப்பால் தகடு போட்ட மாதிரி தண்ணீர், கண்ணுக்கெட்டிய வரைக்கும். அதுதான் கழுவேலி. பறவை ஒன்றும் பக்கத்தில் இல்லை.

மச்சான் கரைமேல் ஏறி, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, இரண்டடி இடது பக்கம் நகர்ந்தான். அப்புறம் ஓரடி வலது பக்கம்.

"இன்னா மாமா பண்ற?" என்றாள் மகள்.

"கடல்ல வலை உட்ட எடத்தை எப்படித் திரும்பக் கண்டுபுடிப்போம்? கோடு போட்டு வைக்க முடியுமா? கரையில ரெண்டு அடையாளம் பாத்துப்போம். கோயில் கோபுரமும் தண்ணி டேங்கும் ஒன்னு பின்னாடி ஒன்னு மறைஞ்சா அந்த நேர்ல நாம இருக்கோம். இப்பல்லாம் போட்டுல ஜிபிஎஸ் மெஷின் காட்டுது. ஆனா மெஷினை நம்பறதுக்கு முன்ன இதைத்தான் நம்புனோம். தோ பார், அந்த ஒத்தைப் பனை. அதுக்குப் பின்னாடி செல்போன் டவர். ரெண்டும் ஒன்னா நிக்குதா? இதே நேர்ல போனா பூநாரை."

எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. கடலில் அப்படிப் போகலாம், ஏனென்றால் கடலில் எல்லா இடமும் தண்ணீர். தரையில் அப்படிப் போக முடியாது என்பது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், போன பிறகு தெரிந்தது.

கரைமேல் சுற்றிக்கொண்டு போகும் பாதை ஒன்று இருந்தது. "அப்படிப் போனா நேர் உட்டுப்போயிடும் மாமா" என்றான். பனையையும் டவரையும் விட்டுக் கண்ணை எடுக்காமல், பெட்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காய்ந்த தரையில் இறங்கினான். மேலே ஓடு மாதிரி காய்ந்திருந்தது. இருபது அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் அந்த ஓடு உடைந்தது. என் முன் சக்கரம் பாதிக்கு மேல் சேற்றுக்குள் போய்விட்டது. காலைத் தூக்கினால் கால் வந்தது, செருப்பு வரவில்லை.

"மச்சான், நில்லுடா!"

"நின்னா அமுங்கிடும் மாமா! நடந்துகினே இருங்க!"

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா வேலையை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னாப்பா, சைக்கிளை உப்புல போட்டு ஊறுகா பண்ணப் போறீங்களா?"

"பூநாரை பாக்க வந்தோம்க்கா!" என்று கத்தினான் மச்சான், முழங்கால் வரை சேற்றில் நின்றுகொண்டு. "பனையும் டவரும் ஒன்னா நிக்கற எடம்!"

"எந்த டவரு? டவரு ரெண்டு இருக்குது."

அப்போதுதான் மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். வடக்கே, வேலிகாத்தான் புதருக்கு மேலே, இன்னொரு டவர் அலுங்காமல் நின்றுகொண்டிருந்தது. மச்சான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். யாரோ அவனைக் கேட்காமல் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போன மாதிரி அவன் முகத்தில் ஒரு வருத்தம்.

"போன தடவை ஒன்னுதான் தெரிஞ்சுது" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில், மகள் இல்லாவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கு நான் எழுத முடியாது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையால் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு கையால் சைக்கிளை இழுத்துக்கொண்டு, "எங்கப்பாதான் தப்பா சொல்வாருன்னு நெனச்சேன், மாமா நீயுமா?" என்றாள். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று சைக்கிளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையேற்றினோம். சேறு காய்ந்து சக்கரம் சுற்றவில்லை, குச்சியால் சுரண்டினோம். அந்த அம்மா தண்ணீர் கொடுத்தார். "வளைஞ்ச மூக்குதான? முந்தாநாள் வரைக்கும் இங்கயே நின்னுது. தண்ணி எறங்க எறங்க உள்ள தள்ளிப் போயிட்டே இருக்கும். கரை மேலயே போய் அந்தாண்ட நின்னு பாருங்க. இருந்தாலும் இருக்கும்" என்றார். நாங்கள் முதலில் வேண்டாம் என்று விட்ட அதே கரைப் பாதை.

அந்தாண்டைக் கரையில் போய் நின்றபோது உச்சி வெயில். தூரத்தில், தண்ணீரும் வானமும் சேர்கிற இடத்தில், வெள்ளையாக ஒரு கோடு. கோடுதான். கண்ணை இடுக்கிப் பார்த்தால் கோடு துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் கீழே நீளமாகக் கால் மாதிரி ஒன்று. வெயிலில் எல்லாம் நெளிந்தது.

"கவலைப்படாதீங்க, பைனாகுலர் கொண்டாந்திருக்கேன்" என்றான் மச்சான். மீன் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தான். போன வருஷம் மாசி மகத்துத் திருவிழாக் கடையில் வாங்கின பிளாஸ்டிக் சாமான். ஒரு கண்ணாடியில் உப்பு பூத்திருந்தது. இன்னொன்றில் பார்த்தால், டீ டம்ளருக்கு அடியில் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. வெறும் கண்ணே மேல்.

"தோ பார் மருமவளே, பூநாரை! செவப்பு தெரியுதா? தெரியுதுல்ல?" என்றான்.

 அவள் நோட்டைத் திறந்து, பென்சிலை எடுத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, அது பூநாரைதானா?"

இரண்டு மாதமாக அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை, பிள்ளைகளே. அன்றைக்குக் கேட்டாள். அவள் முகத்தில் வியர்வை வழிந்து உப்பாகக் காய்ந்திருந்தது. முழங்கால் வரை சேறு. அவ்வளவு தூரம் மிதித்து வந்திருக்கிறாள். ஆமாம் என்று சொன்னால் நோட்டில் அந்தப் பக்கம் நிறைந்துவிடும். மச்சான் அவள் தலைக்கு மேலே என்னைப் பார்த்து, சொல்லுங்க, சொல்லுங்க என்று கண்ணைக் காட்டினான். அதுவாகவும் இருக்கலாம். நிஜமாகவே இருக்கலாம். நான் கண் வலிக்க வலிக்கப் பார்த்தேன். மூக்கு வளைந்திருக்கிறதா, நீட்டிக்கொண்டிருக்கிறதா? மூக்கே தெரியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

"இன்னா மாமா நீங்க!" என்று தலையில் அடித்துக்கொண்டான் மச்சான். "இவ்ளோ தூரம் வந்துட்டு!"

அவள் கரையில் ஓர் இடம் பார்த்தாள். அப்புறம் கீழே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பறவைகள் கிட்டே வருமா என்று ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வரவில்லை. போட்டோ எடுக்கலாம் என்று போனை நீட்டினேன். படத்தில் வானமும் என் விரலும் விழுந்தன. மச்சான் பெட்டியிலிருந்து வறுத்த சங்கரா மீனும் சோறும் எடுத்து வைத்தான். நல்ல மீன். அவன் மேல் இருந்த கோபத்தில் நான் அதை வாய் விட்டுச் சொல்லவில்லை.

திரும்புகிறபோது ரோட்டில் ஏறினதும் என் முகத்தில் காற்று அறைந்தது. தெற்கேயிருந்து.

"ஏண்டா, காத்து பின்னாடி தள்ளும்னு சொன்ன?"

"மத்தியானத்துக்கு மேல தெக்கத்திக் காத்தா, சோழகமா மாறிடுச்சு மாமா. மாசில அப்படித்தான்."

"மாறும்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாம? கடலுக்குப் போறவனுக்குத் தெரியாதா?"

"அப்ப காலைல ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க வந்திருக்க மாட்டீங்களே!"

போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. அவன் ஊர் வந்ததும் கையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான். மீதி வழி முழுக்க மகளுடைய பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். அவள்தான் எனக்குக் காற்றைத் தடுத்துக்கொண்டு போனாள்.

வீட்டு வாசலில் எங்கள் கோலத்தைப் பார்த்து மனைவி இடுப்பில் கை வைத்தாள். "பாத்தாச்சா?"

"தெரியல" என்று இருவரும் சேர்ந்தே சொன்னோம்.

"தெரியலைன்னா? அதுக்கா இந்தச் சேறு? என் தம்பி இன்னா சொன்னான்?"

அன்றிரவு நோட்டு மேசைமேல் திறந்தபடி கிடந்தது. அவள் படம் வரையவில்லை. ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள், துண்டு துண்டாக. கீழே இப்படி எழுதியிருந்தாள்: 'கழுவேலி. ரொம்ப தூரம். வெள்ளை. கால் நீளம். மாமா பூநாரை என்கிறார். அப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.' பெயர் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். போன காரியம் உருப்படவில்லை என்று அலுத்துக்கொண்டு படுத்தேன். தொடை இரண்டும் தனித்தனியாக வலித்தன.

காலையில் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டே சேற்றைக் கழுவி, அவள் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். பையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"போதுமாப்பா?"

"போதும்" என்றேன்.

குனிவாள் என்று ஒதுங்கி நின்றேன். அவள் குனியவில்லை. பெடலில் காலை வைத்து, ஏறி உட்கார்ந்து, மணியை ஒரு தடவை அடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் தெரு முனை திரும்புகிற வரைக்கும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம்தான் சந்தேகம் வந்தது. பின் டயருக்கு அடித்தேன், அமுக்கியும் பார்த்தேன். முன் டயர்? அடித்தேனா, கழுவினதோடு விட்டுவிட்டேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. காற்றடிக்கிற பம்பைத் தூக்கிச் சைக்கிளின் பின்னால் சொருகிக்கொண்டு, வலிக்கிற காலோடு அவள் பின்னாலேயே மிதிக்க ஆரம்பித்தேன்.